சேற்றில் நின்றுபோன பழைய டிராக்டர்: கோளாறை வயலிலேயே கண்டுபிடிக்கும் வழி

சேற்றுழவுக்கு நடுவே டிராக்டர் நின்றுவிட்டால் முதலில் எதையும் கழற்றாதீர்கள். விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டும் இருக்காதீர்கள். மாஸி 1035, மஹிந்திரா 275, ஸ்வராஜ் 735 என்று டெல்டாவில் இன்றும் உழுதுகொண்டிருக்கும் பழைய வண்டிகளில் இன்ஜின் திடீரென்று மக்கர் செய்தால், காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். நசுங்கிப்போன செம்பு வாஷர், அடைத்துக்கொண்ட ஃபில்டர், துருவேறி பாதியில் நின்ற ஸ்டாப் வயர் (இன்ஜினை அணைக்க இழுப்பது), மூச்சு முட்டிய டேங்க் மூடி. இவற்றைப் பார்க்காமல் நேரே டீசல் பம்ப்பில் ஸ்பேனரை வைப்பதுதான் ஆயிரக்கணக்கில் செலவை இழுத்துவிடும். பம்ப் கடைசி. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை எல்லாருக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டும். அந்த நேரத்தில் மெக்கானிக்கைப் பிடிப்பது குதிரைக் கொம்பு. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய வண்டியைத் தார்ச்சாலையில் ஏற்றவும் கூடாது, பட்டறைக்கு ஓட்டிப் போகவும் முடியாது. ஆள்தான் வரப்பில் நடந்து வர வேண்டும். அதனால் அவர் வருவதற்குள் பாதிக் கோளாறையாவது நீங்களே பிரித்து வைத்திருந்தால் அன்றைய நடவு தப்பும்.

இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் வண்டிகளுக்கு. கம்ப்யூட்டர் வைத்த காமன் ரெயில் வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் உயரழுத்த பைப் நட்டைத் தளர்த்துவது ஆபத்தும்கூட.

எப்படி நின்றது?

ஓட்டினவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இது. "நின்னுபோச்சு" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இழுவை குறைந்து, மெல்ல அணைந்ததா? டீசல் போதவில்லை, அல்லது டீசல் லைனில் காற்று புகுந்து ஏர் பிடித்திருக்கிறது. திடீரென்று நிற்கும் பழைய டிராக்டர்களில் அதிகம் பார்ப்பது இதுதான்.

சுவிட்சை அணைத்ததுபோல ஒரே நொடியில் நின்றதா? ஸ்டாப் வயர், ஸ்டாப் லீவர், டீசல் டேப் ஆகியவற்றைப் பாருங்கள். சேறு தெறித்து ஸ்டாப் லீவர் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்டாப் சோலனாய்டு (கரண்டால் டீசலைத் திறந்து மூடுவது) உள்ள வண்டியாக இருந்தால் அதற்குப் போகும் ஒயர் கழன்றிருக்கலாம். அபூர்வமாக, பம்ப்பைச் சுழற்றும் கியரோ கப்ளிங்கோ போயிருக்கும்.

கருப்புப் புகை கக்கி, இழுக்க முடியாமல் திணறி நின்றதா? காற்று போதவில்லை, அல்லது பாரம் மிஞ்சிவிட்டது. ஆழச் சேற்றில் பெரிய கியர் போட்டால் எந்த நல்ல இன்ஜினும் கருப்பாகத்தான் புகைவிடும். அதைக் கோளாறு என்று நினைத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்ற வேண்டாம்.

சூடான வாடை வந்து, சுற்று கனத்து, இறுகி நின்றதா? இங்கே செல்ஃபைத் தொடவே கூடாது. கீழே சூடு பற்றிய பகுதிக்குப் போங்கள்.

டமார் என்றோ கடகடவென்றோ சத்தம் கேட்டு நின்றதா? கனெக்டிங் ராடு, வால்வு, புஷ் ராடு போன்றவை. அதற்கு வயலில் வைத்தியம் இல்லை.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, சக்கரம்தான் நகரவில்லை என்றால் அது கிளட்ச் கோளாறு. அதை இங்கே தேடாதீர்கள்.

செல்ஃப் அடிக்கும் முன்

ரோட்டவேட்டரைத் தரையில் இறக்குங்கள். அதைச் சுழற்றும் பி.டி.ஓ. லீவரை விலக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். தோளில் கிடக்கும் துண்டைக் கழற்றி எட்ட வையுங்கள், வேட்டியை இறுக்கிக் கட்டுங்கள். ஃபேனில் துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

பிறகு டிப் ஸ்டிக். இன்ஜின் நின்று ஐந்து நிமிடம் கழித்து, வண்டி கூடியவரை சமமாக நிற்கும்போது பாருங்கள். சேற்றில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் நிரப்பாமல் சுற்றக் கூடாது. மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருந்து, விரலில் தொட்டால் நீர்த்து, டீசல் வாடை அடித்தால், பெரும்பாலும் இன்ஜின் பக்கவாட்டில் இருந்து டேங்க் டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்து டீசல் உள்ளே இறங்குகிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும். ஆயில் பாலூற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: ஹெட் கேஸ்கட்டோ, லைனர் ஓ-ரிங்கோ. வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஆளை வரச் சொல்லுங்கள்.

ஆயில் சரியாக இருந்தால், கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் வைத்து இன்ஜினைக் கையால் ஒன்றிரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். கம்ப்ரெஷன் வரும் இடத்தில் கனத்து, பிறகு விட்டுக்கொடுத்தால் இன்ஜின் உயிரோடு இருக்கிறது. ஒரே இடத்தில் கல்லாக நின்றால் ஜாம். செல்ஃபால் அதை வெல்ல முயன்றால் ஃப்ளைவீல் பல்லும் போகும்.

ஒன்று மறக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த பழைய டீசல் இன்ஜின் நின்றதற்கு பேட்டரி காரணமாகாது. சோலனாய்டு இல்லாத வண்டிக்கு ஓடும்போது கரண்ட் தேவையே இல்லை. பேட்டரியைக் கழற்றி சார்ஜுக்கு அனுப்பிவிட்டுப் பாதி நாளை வீணாக்காதீர்கள்.

டீசல் வரும் வழி

டேங்க், டேப், கண்ணாடிக் கிண்ணம், ஃபீட் பம்ப், முதல் ஃபில்டர், இரண்டாவது ஃபில்டர், இன்ஜெக்ஷன் பம்ப் (டீசல் பம்ப் என்பது இதுதான்), உயரழுத்த பைப், நாசில். வண்டிக்கு வண்டி வரிசை கொஞ்சம் மாறும், ஆனால் தேடுவது எப்போதும் டேங்கிலிருந்துதான்.

டேங்க் மூடியைத் திறக்கும்போது காதைக் கிட்டத்தில் வையுங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போகாததால் வெற்றிடம் உண்டாகி டீசல் வருவது நிற்கும். இதன் அடையாளம் தெளிவானது: அரை மணி நேரம் ஓடும், அணையும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி கிளம்பும், மறுபடி அணையும். மூடி தொலைந்துபோய் பாலிதீன் தாளைச் சுற்றி சைக்கிள் ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிய வண்டிகளில் இது கட்டாயம் வரும். மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி விட்டால் வேலை முடிந்தது. மூடி இல்லாதவர்கள் ஒரு புது மூடி வாங்கிவிடுங்கள். பாலிதீனில் துளை போட்டால் மழைத்தண்ணீர் இறங்கும்.

அடுத்து டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மீட்டர் வேலை செய்யாத வண்டியில் குச்சி விட்டுப் பாருங்கள். கால் டேங்குக்குக் கீழே இருக்கும்போது வரப்போரமாக வண்டி சாய்ந்தால் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் காற்றை உறிஞ்சும். வண்டி நிமிர்ந்த பிறகு பார்த்தால் டீசல் இருக்கும், இன்ஜின் மட்டும் கிளம்பாது.

கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி, அதில் இருப்பதை ஒரு தெளிவான பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தனியாகக் கோடு கட்டி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நிற்கும் வண்டியில் டேங்க் பாதி காலியாக இருந்தால் இரவில் உள்சுவரில் ஈரம் கோர்த்துக் கீழே இறங்கும். கேனில் வாங்கி வயலில் வைத்திருக்கும் டீசலிலும் மழைத்துளி போகும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து கருப்பாக, வழுவழுவென்று கஞ்சிபோல் ஒரு படிவு வரும். அதைப் பார்த்துவிட்டால் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்க்கை இறக்கிக் கழுவினால்தான் தீரும். மழைக்காலத்தில் வேலை முடிந்த மாலையிலேயே டேங்க்கை நிரப்பி வைப்பதுதான் மலிவான மருந்து.

கிண்ணம் சுத்தமாக இருந்தும் டீசல் வரவில்லையா? டேப்புக்குக் கீழே உள்ள ஓஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். தடையில்லாமல் கனமாகக் கொட்ட வேண்டும். சொட்டுச்சொட்டாக வந்தால் டேங்கின் அடியில் உள்ள சல்லடையிலோ டேப்பிலோ அடைப்பு. டேங்க் மூடியைத் திறந்து வைத்து, ஓஸ் வழியே டயர் பம்ப்பால் பின்னோக்கிக் காற்றடித்தால் அப்போதைக்குத் திறந்துகொள்ளும். அடைத்த குப்பை டேங்குக்குள்ளேயேதான் கிடக்கிறது என்பதால் உழவு முடிந்ததும் டேங்க்கைக் கழுவியாக வேண்டும். வாயால் உறிஞ்சாதீர்கள். டீசல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இன்லைன் பம்ப்போடு (சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் அமைந்த டீசல் பம்ப்) ஒட்டியிருக்கும் ஃபீட் பம்ப்பின் வாயில் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். இதைப் பல ஓட்டுநர்கள் பார்த்ததே இல்லை. இரண்டு ஃபில்டரும் புதிதாக இருந்து வண்டி இழுக்காவிட்டால் கோளாறு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

இதற்குமேலும் பிடிபடவில்லை என்றால் ஒரு சோதனை போதும். ஐந்து லிட்டர் சுத்தமான டீசலை ஒரு கேனில் எடுத்து, இன்ஜினைவிட உயரமாகக் கட்டித் தொங்கவிட்டு, குளுக்கோஸ் ஏற்றுவதுபோல ஓஸ் வழியாக ஃபில்டரின் நுழைவாயிலில் நேராகக் கொடுங்கள். கேனின் மூடி தளர்ந்திருக்கட்டும். சூடான சைலன்சர் பக்கம் கேன் வேண்டாம். கீழே சொல்லும் முறையில் ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சீராக ஓடினால் டேங்க், டேப், கிண்ணம், ஓஸ், ஃபீட் பம்ப் இந்த ஐந்தில் ஒன்றுதான் குற்றவாளி. இன்ஜெக்ஷன் பம்ப் நல்லபடியாக இருக்கிறது. கேனில் ஓடியும் அணைந்தால் ஃபில்டரிலும் அதற்கு அப்புறமும் தேட வேண்டும். பம்ப் போய்விட்டது என்று யாராவது சொன்னால், இந்தச் சோதனையைச் செய்துவிட்டா சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

ஏர் எடுப்பது

முதலில் ஃபில்டர், பம்ப் சுற்றிலும் இருக்கும் சேற்றை டீசல் தொட்ட பிரஷ்ஷால் கழுவித் துடைத்துவிடுங்கள். நூல் உதிராத துணி வேண்டும். கோணிச் சாக்கு வேண்டாம். பம்ப்புக்குள் ஒரு மணல்துகள் போனால் செய்த வேலையெல்லாம் வீண்.

1. டேங்கில் குறைந்தது பத்து லிட்டர் இருக்கட்டும். டேப்பைத் திறங்கள்.
2. முதல் ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை (ஃபீட் பம்ப்பில் கையால் அடிக்கும் லீவர் அல்லது குமிழ்) அடியுங்கள். முதலில் நுரை, பிறகு குமிழி, கடைசியில் கண்ணாடிபோல் டீசல் வரும். பிரைமர் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள்.
3. இரண்டாவது ஃபில்டரிலும் அப்படியே.
4. இன்ஜெக்ஷன் பம்ப்பின் ஏர் ஸ்க்ரூ. ரோட்டரி பம்ப்பில் (ஒரே சுழலும் தலை எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் வகை) இரண்டு இடம்: முதலில் பக்கவாட்டில் உள்ளது, பிறகு மேலே கவர்னர் மூடியில் உள்ளது.
5. ஆக்சிலரேட்டரை முழுதும் தள்ளி, ஸ்டாப் நாப் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் 17 அல்லது 19 நம்பர் ஸ்பேனர். பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். டீசல் வெட்டி வெட்டி வெளியே வந்ததும் நட்டை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒவ்வொரு செல்ஃபுக்கும் இடையே ஒரு நிமிடம் விடுங்கள். தளர்த்திய நட்டுக்கு நேரே கையையோ கண்ணையோ வைக்காதீர்கள். உயரழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க ஊசி குத்தியது மாதிரிதான் இருக்கும். உள்ளே சதை அழுகிவிடும். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரைமர் லீவரை அடிக்கும்போது பிடிமானமே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால், டயாஃப்ரம் வகை ஃபீட் பம்ப்பில் அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை. பம்ப்பை இயக்கும் கேம் அதன் மேட்டில் நிற்கிறது. இன்ஜினை ஒரு சுற்று கையால் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். குமிழைத் திருகி மேலே எடுத்து அடிக்கும் வகையாக இருந்தால், முடிந்ததும் அதைத் திருகி இறுக்க வேண்டும். இறுக்காமல் விட்டால் அங்கேயே காற்று உறிஞ்சி, ஒரு மணி நேரத்தில் மறுபடி அணையும்.

ஏர் எடுத்தும் திரும்பத் திரும்பப் பிடிக்கிறதா? டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பகுதியைப் பாருங்கள். பம்ப்புக்கு அப்புறம் ஓட்டை இருந்தால் டீசல் கசிந்து வெளியே தெரியும். பம்ப்புக்கு முன்னால் ஓட்டை இருந்தால் டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் "எங்கேயும் லீக் இல்லையே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்த ஓஸை எடுத்துவிட்டு ஒரு மீட்டர் கண்ணாடி ஓஸ் (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்) மாட்டி ஓடவிடுங்கள். குமிழி வருவது கண்ணுக்குத் தெரியும். வெடித்த ரப்பர் ஓஸ், தளர்ந்த கிளிப், கண்ணாடிக் கிண்ணத்தின் பழைய ரப்பர், பான்ஜோ போல்ட்டின் (டீசல் குழாயைப் பிடிக்கும் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர் என்று வரிசையாக மாற்றுங்கள். செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் கெட்டியாகிவிடும். புதிது கையில் இல்லாதபோது, பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். அதையே நிரந்தரமாக்க வேண்டாம்.

புகை

கருப்பு என்றால் காற்று குறைவு, டீசல் அதிகம். ஏர் கிளீனர் ஓஸைக் கழற்றிவிட்டு, தூசி இல்லாத இடத்தில் அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள். புகை தெளிந்தால் கிளீனர்தான் அடைத்திருக்கிறது. அப்படியே உழப் போய்விடாதீர்கள். ஆயில் கிண்ணம் உள்ள கிளீனரில் அடியில் ஒரு சென்டிமீட்டர் வண்டல் படிந்தாலே கழுவ வேண்டும். கோடை உழவிலும், அறுவடை முடிந்து வைக்கோல் கட்டும்போதும் தினமும் பாருங்கள். சேற்றுழவில் தூசி குறைவு, ஆனால் தெறிக்கும் சேறு முன்வடிகட்டியை மூடும்.

கிண்ணத்தில் ஆயிலைக் கோட்டுக்கு மேல் ஊற்றுவது அடைப்பைவிட மோசம். இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, ஸ்டாப் நாப் இழுத்தாலும் நிற்காமல் வெறிபிடித்துச் சுற்றும். அப்போது டீசலை நிறுத்திப் பயனில்லை. காற்றுக் குழாயின் வாயைப் பலகைத் துண்டால் அடைக்க வேண்டும். கையால் அடைக்கப் போகாதீர்கள்.

நீலம் கலந்த புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் தேய்மானம், வால்வு கைடு. இது திடீர்க் கோளாறு இல்லை. பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போதுதான் கவனிக்கிறீர்கள்.

வெள்ளை, கண்ணை எரிக்கும் டீசல் வாடையோடு வந்தால் டீசல் எரியாமல் வெளியே போகிறது: டீசலில் தண்ணீர், ஒழுகும் நாசில், கம்ப்ரெஷன் குறைவு, டைமிங் (டீசல் பாயும் நேரம்) மாற்றம். வாடை இல்லாமல் ஆவியாக, இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது.

இன்ஜின் ஓடுகிறது, ஆனால் மிஸ்ஸிங் அடித்து நடுங்குகிறதா? ஐடிலில் வைத்து, நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தம் மாறும். எதைத் தளர்த்தும்போது மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் நாசிலைத் தூக்கி டெஸ்டுக்கு அனுப்பலாம். மாறாமல் அங்கேயே நின்றால் டேப்பட் மூடியைத் திறந்து புஷ் ராடு வளைந்திருக்கிறதா, வால்வு ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். நாசில் மாற்றும்போது அடியிலுள்ள செம்பு வாஷர் துளைக்குள்ளேயே ஒட்டியிருக்கும். அதைக் கம்பியால் கொக்கி போட்டு எடுக்காமல் புதியதை மேலே வைத்தால் இரண்டு வாஷராகி, நாசில் உயர்ந்து, புகை வாஷரோரமாகச் சீறும்.

சூடேறி நின்றால்

ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். குறைந்தது முப்பது நிமிடம் போகட்டும். பிறகு தடித்த ஈரத்துணியைப் போட்டு, கால் திருப்பு திருப்பி ஆவியை விட்டு, அப்புறம் திறங்கள். வாய்க்கால் தண்ணீரை மொண்டு கொதிக்கும் இன்ஜினில் ஊற்றுவதால்தான் பல ஹெட்டுகள் விரிசல் விட்டன.

முன்பக்கம் குனிந்து பாருங்கள். ரேடியேட்டர் இடுக்குகளில் வைக்கோல் தும்பு, கோரைப் பூ, பூச்சி, அதன்மேல் காய்ந்த சேறு. காற்றே போகாது. தண்ணீரை ஃபேன் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். கார் கழுவும் பிரஷர் மெஷினை மிக அருகில் வைத்தால் தகடுகள் மடங்கும்.

ஃபேன் பெல்ட்டை இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். 12 முதல் 15 மி.மீ. வரை இறங்கலாம். பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தால், இறுக்கியும் வழுக்கும். மாற்றிவிடுங்கள்.

வேதாரண்யம், தரங்கம்பாடி மாதிரிக் கடலோரப் பக்கம் போர்த்தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் இரண்டு மூன்று பருவத்தில் உள்குழாய்களில் உப்புப் பாறை கட்டும். வெளியே எவ்வளவு கழுவினாலும் சூடு இறங்காது. சுத்தமான மழைத்தண்ணீரிலோ காய்ச்சி வடித்த தண்ணீரிலோ கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. நம் வெயிலுக்கு அது எதற்கு என்பார்கள். அது இல்லாமல் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும். ஆயில் கெடும், லைனர் சீக்கிரம் தேயும். அடைத்த ரேடியேட்டரை மறைக்கத்தான் அந்த வைத்தியம் பயன்படுகிறது.

ஹெட் கேஸ்கட் சந்தேகமா? இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு, தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மூடி திறந்தபடி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பெல்ட் இல்லாததால் தண்ணீர் பம்ப் சுற்றாது. அப்படியும் விடாமல் குமிழி வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் கசிகிறது.

டெம்பரேச்சர் மீட்டர் பல பழைய வண்டிகளில் வெறும் அலங்காரம். ஆயில் பிரஷர் காட்டும் மீட்டரும் அப்படியே. புது ஹாரனும் பாட்டுப் பெட்டியும் மாட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் சரிசெய்துவிடுங்கள்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். விளக்கு முழுதும் அணைந்தால் டெர்மினல் பிடிப்பு இல்லை, அல்லது பேட்டரி காலி. விளக்கு பிரகாசமாக இருந்து, "டக்" சத்தம் மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டார் அல்லது அதன் சோலனாய்டு. விளக்கு மங்கி மெதுவாகச் சுற்றினால் பேட்டரி பலவீனம், இல்லையேல் இன்ஜின் இறுக்கம்.

மீட்டர் இருந்தால்: ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தேறாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. உப்புக்காற்றில் டெர்மினல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவுங்கள். எர்த் பட்டை சேஸிஸில் பிடிக்கும் இடத்தையும் சுரண்டுங்கள். மறந்துபோவது அந்த முனைதான். பேட்டரி பக்கம் பீடி வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2008 நவம்பரில் நிஷா, 2018 நவம்பரில் கஜா என்று புயல் வந்த வருஷங்களில் வண்டிகள் நீரில் நிற்பது டெல்டாவுக்குப் புதிதில்லை. தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். எல்லா நாசிலையும் கழற்றுங்கள். இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஏர் கிளீனர் ஆயில், டேங்க் டீசல் அனைத்தையும் இறக்குங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு மூன்று ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். பிறகுதான் புது ஆயில், புது ஃபில்டர், ஏர் எடுப்பு, ஸ்டார்ட். பத்து மணி நேரம் ஓடியதும் இன்ஜின் ஆயிலை இன்னொரு முறை மாற்ற வேண்டும். கடல்நீர் ஏறியிருந்தால் நாள் கடத்தாதீர்கள், துரு இரண்டே நாளில் ரிங்கைப் பிடித்துவிடும்.

கடைசியில் பம்ப்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்து, பம்ப்புக்குள் குமிழியில்லாத டீசல் போய், செல்ஃப் அடித்தும் நாசில் பைப் எதிலும் டீசல் வரவில்லை என்றால்தான் பம்ப்பைச் சந்தேகியுங்கள். அப்போதும் முதலில் ஸ்டாப் லீவரைப் பம்ப்பின் பக்கத்தில் கையாலேயே அசைத்துப் பாருங்கள். வயர் இழுத்துப் பிடித்திருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். தாளடி அறுவடைக்கும் கோடை உழவுக்கும் இடையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில், உள்ளே போன ஈரத்தால், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். சீல் வைத்த ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். அதை டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளந்துதான் வைக்க முடியும். கழற்றும் முன் கியரிலும் ஃப்ளாஞ்சிலும் குறி போடச் சொல்லுங்கள். குறியில்லாமல் இறக்கினால் மாட்டும்போது டைமிங் தேட இன்னொரு நாள் ஆகும்.

வண்டியில் இருக்க வேண்டியது

10-11 முதல் 18-19 வரை இரட்டை வாய் ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், உங்கள் வண்டிக்கான செம்பு வாஷர் அளவுக்கு இரண்டு, ஒரு மீட்டர் கண்ணாடி ஓஸ், நான்கு கிளிப், ஒரு டீசல் ஃபில்டர், ஒரு ஃபேன் பெல்ட், ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர், காலிக் கண்ணாடி பாட்டில், பழைய பருத்தி வேட்டித் துண்டு, டார்ச், பலகைத் துண்டு ஒன்று. ராத்திரி உழவுக்குப் போகிறவர்கள் டார்ச்சின் பேட்டரியைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்குக்குப் போன் போடும்போது இவ்வளவு சொன்னால் அவர் சரியான சாமானோடு வருவார்: வண்டி மாடல், பம்ப் இன்லைனா ரோட்டரியா, எப்படி அணைந்தது, புகை என்ன நிறம், டிப் ஸ்டிக்கில் ஆயில் எப்படி, கேன் சோதனையில் ஓடியதா இல்லையா, கையால் சுற்றுகிறதா. வண்டி எந்த வாய்க்கால் கரையில் நிற்கிறது, பைக் எதுவரை வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.